குளியல் தொட்டியை எடுப்பது குறித்து

ஓரான்,
ஜூன் 9, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் வசீலாவுக்கு,

உன்மீதும் மாப்பிள்ளை மீதும் குழந்தைகள் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும். நானும் உன் அம்மாவும் அவன் அருளால் நலமாக இருக்கிறோம், உங்கள் முகங்களைப் பார்க்காத குறை ஒன்றுதான், அதுவும் ஜூலையில் தீர்ந்துவிடும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மேல்மாடி யமீனாவின் மருமகள் வெள்ளிக்கிழமை உங்கள் ஊர் மொன்றியலுக்குப் புறப்படுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் அம்மா செய்த எள்ளும் தேனும் சேர்த்த பலகாரப் பெட்டியையும் கொடுத்து அனுப்புகிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று நீ கேட்பாய். தொலைபேசியில் நான் இரண்டாவது வாக்கியத்தை யோசித்து முடிப்பதற்குள் உன் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிவிடுகிறாள், தவிர இதில் அவள் காதில் விழாமல் சொல்ல வேண்டியவையும் இருக்கின்றன. ரயில்வே வரைபட அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் உட்கார்ந்தவனுக்கு எண் போடாமல் எழுத வராது, பாதியில் வழி தப்பிவிடுவேன், அதனால் சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எங்கள் உடல்நலம், குறிப்பாக அம்மாவின் வலது மணிக்கட்டு.
2. குளியலறையின் அளவும் அதன் கதவும்.
3. குளியல் தொட்டியை எடுக்க அம்மா சம்மதிக்காததும், அதற்கு நான் கண்டுபிடித்த காரணமும்.
4. பிடே, வாஷ்பேசின், வாஷிங் மெஷின். கமோடு ஏன் வேண்டாம் என்பது.
5. டைல்ஸ்.
6. நீ ஜூலையில் கொண்டுவர வேண்டியவை.

முதலாவது உடல்நலம். என் ரத்த அழுத்தம் சென்ற மாதத்தைவிடக் குறைவு, மாத்திரையை நான் மறப்பதில்லை, மறந்தால் எழுதிவைக்கும் நோட்டில் இந்த வருடம் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் படிக்கட்டில் மட்டும் முனகுகிறது. எனக்குக் கவலை அவளுடைய மணிக்கட்டுதான். மார்ச் தொடக்கத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள், டாக்டர் கையை எல்லாப் பக்கமும் வளைத்துப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு மணிக்கட்டு தனக்கு இருந்தால் சந்தோஷப்படுவேன் என்றார். அவள் தினமும் ரவையைப் பிசைந்து ரொட்டி தட்டுகிறாள், கூஸ்கூஸ் அவிக்கும் பானையை நிரம்பத் தண்ணீரோடு அடுப்பிலிருந்து இறக்குகிறாள், போன வாரம் கம்பளத்தைப் பால்கனிக் கம்பியில் போட்டு அடித்தாள், அடித்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் வியாழக்கிழமை வந்தால் அந்தக் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை என்கிறாள். நீ முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருப்பவள், மாவு பிசைய உதவிவிட்டுத் தலை தேய்க்க மட்டும் மறுக்கிற நரம்பு ஏதாவது உண்டா என்று உன்னைக் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு முறை டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டேன். இரண்டாவது முறை அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத்தான் ஏதோ வியாதி என்பதுபோல இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், மகளுக்கு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. கையில் கட்டுப் போட்டதிலிருந்து அம்மா பொதுக் குளியல் கூடத்துக்குப் போவதில்லை. யமீனா வந்து தலை கழுவிவிடுகிறேன் என்றாள், அம்மா அவள் போன பிறகு என்னிடம், "அவ கையா அது, இரும்பு. அழுக்கோட சேத்து தோலையும் உரிச்சு எடுத்துட்டுப் போயிடுவா" என்றாள். ஆகவே வியாழக்கிழமைகளில் அவள் தலையை நான் கழுவிவிடுகிறேன். தலை மட்டும்தான். அவள் வீட்டு அங்கியோடு தாழ்ந்த முக்காலியில் முதுகு காட்டி உட்காருவாள், நான் அவளுக்குப் பின்னால் தொட்டியின் விளிம்பில் உட்காருவேன். தலைக்குத் தேய்க்கும் களிமண் இரண்டு கரண்டி, வெந்நீர் ஒரு குவளை, பன்னீர் ஒரு மூடி. முதல் வாரம் எல்லாம் அவள் கண்ணுக்குள் போய்விட்டது. அடுத்த வாரம் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன், அவள் அதைப் படித்துவிட்டு, "தலைய கழுவப் போறீங்களா, ரயிலு விடப் போறீங்களா?" என்று கேட்டாள். நான் மெதுவாகத் தேய்க்கிறேன் என்பது அவளுடைய இன்னொரு புகார். "கண்ணாடி ஜாடிய தொடைக்கிற மாதிரி என்ன அது? அழுத்தித் தேயுங்க மனுஷா, உடைஞ்சுபோயிட மாட்டேன்." ஐந்து மாதத்தில் ஓரளவு தேறியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். ஆனால் வயதான ஒரு பெண், அதுவும் உன் அம்மாவைப் போன்றவள், தன் தலையைக் கழுவ இன்னொருவர் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பிய ஆறு பக்கக் குளியலறை விதிகளில் முதல் வரியே அதுதானே, முதியவர் முடிந்தவரை பிறர் உதவியின்றித் தாமே குளிக்கும்படி அறை அமைய வேண்டும் என்று. அதைச் சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருக்கிறேன். குளியலறையை மாற்றும் என் திட்டம் முழுவதும் அந்த வரியின்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது, அறை. உனக்கு நினைவிருப்பதைவிட அது சிறியது, சுவருக்குச் சுவர் நூற்றறுபது சென்டிமீட்டர் அகலம், இருநூற்றுப் பத்து நீளம், நான் மூன்று தடவை அளந்தேன், மூன்றாவது தடவை இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது, பழைய சுவர்கள் அப்படித்தான். கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. அதை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றப்போகிறேன், அதன் காரணத்தை உனக்கு இதுவரை சொல்லவில்லை. ஜனவரியில் அம்மா சமையலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் என்று உன்னிடம் சொன்னோம். அது சமையலறை இல்லை. அவள் தொட்டியில் தண்ணீர் மொள்ளக் குனிந்தாள், கால் நழுவிக் கதவோடு ஒட்டி விழுந்துவிட்டாள். நான் தள்ளினால் கதவு அவள் இடுப்பில் இடித்தது, நான்கு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. ஓங்கித் தள்ளவும் பயம், தள்ளாமல் இருக்கவும் பயம். அக்கம்பக்கம் யாரையாவது கூப்பிடுகிறேன் என்றேன், "தலையில துணி இல்ல எனக்கு, யாரையாச்சும் கூப்பிட்டீங்கன்னா எழுந்து வந்து உங்களத்தான் அடிப்பேன்" என்றாள் தரையில் கிடந்தபடி. பிறகு அடுப்பில் பருப்பு இருக்கிறது, போய் அணைத்துவிட்டு வாருங்கள் என்றாள். போய் அணைத்துவிட்டு வந்தேன். வந்து நடைக்கூடத் தரையில் உட்கார்ந்து அந்த நான்கு விரல் இடைவெளியில் வாயை வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன், அவள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நான் உள்ளே வருமளவு இடம் கொடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் கதவின் கீல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு முறை அவள் அங்கே விழுந்தால் என்னால் தாங்க முடியாது வசீலா, கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து நான் வரைந்துகொண்டிருக்கும் இந்தக் காகிதங்கள் அத்தனையும் அந்த ஒன்றுக்காகத்தான்.

இனி நான்காவதை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். அறையில் கமோடு ஒன்றும் வைத்துவிடுங்கள், இரண்டையும் ஒன்றாக்கினால் இடம் மிச்சம் என்று நீ எழுதியிருந்தாய். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நானும்தான். அவள் அந்த அறையில்தான் தொழுகைக்குமுன் கை கால் முகம் கழுவி ஒளு செய்கிறாள், இறைவன் பேரைச் சொல்லித் தொடங்கும் காரியம், அதைக் கழிப்பிடத்தில் நின்று சொல்வதில்லை. நடைக்கூடத்தின் கடைசியில் இருக்கும் பழைய கழிப்பிடமே இருக்கட்டும், அங்கேயும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திவிடலாம். பிடே என்கிற அந்தத் தாழ்ந்த கழுவும் பீங்கான் விஷயத்தில்தான் யோசித்தேன். இந்த வீட்டைக் கட்டிய பிரெஞ்சுக்காரர்கள் அதை எதற்கு வைத்தார்களோ அதற்கு நம் வீட்டில் யாரும் பயன்படுத்தியதில்லை, அம்மா அதில் காலுறைகளை ஊறவைப்பாள், தொழுகைக்குக் கால் கழுவுவாள், காலை உயரத் தூக்க வேண்டியதில்லை என்பதால் அவளுக்கு அது வசதி. அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டரில் ஒரு குழாயும், கீழே வடிகாலும், பக்கத்தில் ஒரு கம்பியும் வைக்கப்போகிறேன். வாஷ்பேசின் சுவரில் தொங்கும், கீழே கால் வேண்டாம், வாளி வைக்க இடம். வாஷிங் மெஷின் இப்போது இருக்கும் இடத்திலேயே, அதாவது தொட்டிக்குப் பக்கத்தில்.

கொத்தனார் பூசியானை உனக்குத் தெரிந்திருக்காது, தெரு முனையில் பேக்கரிக்கு மேலே புதிதாக வந்தவர், கை சுத்தம், வாய்தான் ஓய்வதில்லை. நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டேன், என்னை ஹாஜி என்றுதான் கூப்பிடுகிறார். வரைபடத்தைக் கொடுத்தேன், மில்லிமீட்டரில் அளவு போட்டிருப்பதைப் பார்த்து, "ஹாஜி, நாம கட்டப்போறது குளியலறையா, இல்ல தெலெம்சேனுக்கு ரயிலு லைன் போடுறோமா?" என்றார். ஒவ்வொரு டைலுக்கும் நான் எண் கொடுத்திருந்தேன். "நாப்பத்தேழாம் நம்பரும் நாப்பத்தெட்டாம் நம்பரும் எடம் மாறிட்டா அபராதம் உண்டா?" என்றார். ஐந்தாவது விஷயமான டைல்ஸ் இதிலேயே வந்துவிட்டது, வழுக்காத சொரசொரப்பான வகைதான் வாங்குவது என்று முடிவு, நீ எழுதிய தரக்குறி கடைக்காரருக்கே புரிந்தது. நான் சாம்பல் நிறம் சொன்னேன், அம்மா, "பிணவறைக்கு நெறம் தேடுறீங்களா?" என்றாள், வெள்ளை சொன்னேன், அது ஆஸ்பத்திரியாம், கடைசியில் பழைய சுவரில் இருக்கிற அதே இளம்பச்சை. பூசியான் சொரசொரப்பைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "காலும் வழுக்காது, அழுக்கும் வழுக்காது, ஹாஜியம்மா தேய்ச்சுத் தேய்ச்சு என்னத் திட்டப் போறாங்க" என்றார். அம்மா சமையலறையிலிருந்தே, "இப்பவே திட்டுறேன், உங்க சிமெண்டு செருப்ப கழட்டிட்டு நில்லுங்க" என்றாள்.

இப்போது மூன்றாவது. உன் அம்மா தொட்டியை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை. அவள் சண்டை போடவில்லை, சண்டை போட்டால் எனக்குப் பதில் சொல்லவாவது தெரியும். நான்கு திட்டம் வரைந்து காட்டினேன். தொட்டியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எண்பதுக்கு எண்பது சென்டிமீட்டரில் ஷவர், தண்ணீர் வடியத் தரையில் தாழ்ந்த தட்டு, கண்ணாடித் தடுப்பு, சுவரில் மடக்கி வைக்கும் ஒற்றை இருக்கை, கைக்கெட்டும் உயரத்தில் பிடியோடு கூடிய ஷவர், மூன்று கம்பிகள். ஒரு ஆள் உள்ளே போய், உட்கார்ந்து, எதையும் எட்டிப் பிடிக்காமல், யாரையும் கூப்பிடாமல் குளித்துவிட்டு வரலாம். நான்கையும் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், நான்குக்கும் ஒரே பதில், "குறுகலா இருக்கு." தொண்ணூறாக்கினேன், குறுகல் என்றாள். உண்மையிலேயே குறுகலோ என்று சந்தேகம் வந்து, அவள் ரொட்டி பிசைந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தோள் அகலத்தை டேப்பால் அளந்தேன். அவள் திரும்பாமலே, "என்ன, என்னப் பொதைக்கக் கஃபன் துணிக்கா அளவெடுக்குறீங்க? ரெண்டு மொழம் கூடவே வாங்குங்க, நான் ஒண்ணும் மெலிஞ்சவ இல்ல" என்றாள். தோள் நாற்பத்தாறு சென்டிமீட்டர். தொண்ணூறில் அது தாராளம். ஆகவே குறுகல் காரணமில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

பிறகு யோசித்ததில் காரணம் கிடைத்தது என்று நினைக்கிறேன், நம் ஊர்க்காரர்களுக்குத்தான் அது புரியும். நாற்பத்தோரு வருடமாக அந்தத் தொட்டிக்குள் யாரும் குளித்ததில்லை, நீ மூன்று வயதில் தலைகுப்புற விழுந்ததைத் தவிர. அது தண்ணீர் வைக்கத்தான். மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்த காலத்தில், அதுவும் உப்புக் கரித்த காலத்தில், நல்ல தண்ணீர் லாரிக்காரனின் ஹாரன் கேட்டால் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு கேனோடு நான்கு மாடி இறங்குவாள். அந்தத் தொட்டி நிறைந்திருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். இப்போதும் தினமும் காலையில் முதல் வேலையாக அதை நிரப்புகிறாள். நான் என் நோட்டைப் பார்த்தேன், கடந்த இரண்டு வருடத்தில் தண்ணீர் நின்றது மொத்தம் பதினான்கு நாள், தொடர்ந்து இரண்டு நாளுக்குமேல் நின்றதே இல்லை, கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை வந்தபிறகு உப்பும் இல்லை. இதை அவளுக்குப் பட்டியல் போட்டுக் காட்டினேன். "சந்தோஷம்" என்றாள். பட்டியலால் பயம் போகாது என்று எனக்கும் தெரியும், அதனால் இருநூறு லிட்டர் பிடிக்கும் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று மூடியோடும் குழாயோடும் வாங்கி வந்தேன், தொட்டியில் இருப்பதைவிட இருபது லிட்டர் கூடுதல். அதைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தாள், அருமை என்றாள், இந்த வருடம் ஆலிவை இதில் ஊறப்போடலாம் என்றாள். தொட்டி விஷயம் என்ன ஆயிற்று என்றேன், "அது இருக்கட்டும், குறுகலா இருக்கு" என்று போய்விட்டாள். ஆக அவளை அந்தத் தொட்டியோடு கட்டிப்போட்டிருப்பது பழைய தண்ணீர்ப் பஞ்சத்தின் பயம், அதைக் காரணம் சொல்லிப் போக்க முடியாது, பொறுமையாகத்தான் போக்க வேண்டும் என்பது என் முடிவு. பூசியான் ஞாயிற்றுக்கிழமை இடிக்கத் தொடங்க வேண்டும், அதைத் தவறவிட்டால் அவர் பெத்தீவாவில் ஒரு வீட்டுக்குப் போய்விடுவார், செப்டம்பர் வரை கிடைக்க மாட்டார். அதுவரை அவள் தினமும் அந்த விளிம்பின் மேல் குனிந்து தண்ணீர் மொள்ளுவாள், நான் தினமும் கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். நாளை பூசியானை வரச் சொல்லியிருக்கிறேன், முன்னறைக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டுத் தரையில் திட்டத்தை நிஜ அளவில் சாக்பீஸால் வரைந்து காட்டலாம் என்று ஒரு யோசனை. காகிதத்தில் நம்பாததைத் தரையில் நம்பலாம் அல்லவா. மீதியை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

இன்று வியாழக்கிழமை, மதியத் தொழுகை முடிந்து உட்கார்ந்திருக்கிறேன். நேற்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பூசியான் நான்கு மணிக்கு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டே வந்தார். நான் நூல் பிடிக்க, அவர் கோடு போட, முன்னறைத் தரையில் குளியலறை அப்படியே வந்துவிட்டது, வாஷ்பேசினுக்கு ஒரு தலையணை, வாஷிங் மெஷினுக்கு அட்டைப்பெட்டி, ஷவருக்குத் தொண்ணூறுக்குத் தொண்ணூறு கட்டம், அதற்குள் மடக்கு இருக்கைக்குப் பதிலாகச் சமையலறை நாற்காலி ஒன்று. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க ஹாஜியம்மா, தண்ணி இன்னும் வரல, ஆனா உக்காந்து பாருங்க" என்றார் பூசியான். அவள் கோட்டை மிதிக்காமல் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை நீட்டிக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் காற்றைப் பிடித்தாள், தலையாட்டினாள், உயரம் சரி என்றாள். எனக்கு நெஞ்சு லேசானது. பிறகு தலையைத் திருப்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். நாற்காலிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. "மனுஷா, நீங்க எங்க உக்காருவீங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. நான் எதற்கு உட்கார வேண்டும், இது நீயே தனியாகக் குளிப்பதற்காகத்தானே என்றேன். உன் ஆறு பக்கத்தையும் சொன்னேன், முதல் வரியையும் சொன்னேன். அவள் எழுந்துவிட்டாள். "அப்ப எனக்கு வேணாம். தொட்டி இருக்கட்டும், அதுலயாச்சும் விளிம்பு இருக்கு" என்றாள். நான் சாக்பீஸும் கையுமாக நின்றேன். என்னைவிடப் பூசியானுக்கு முதலில் விளங்கிவிட்டது, அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஹாஜி, சாக்பீஸு தீந்துபோச்சு, கீழ போயி வாங்கிட்டு வந்துடுறேன்" என்றார். ஒரு முழு சாக்பீஸ் அவர் காதில் சொருகியிருந்தது. அதோடு படியிறங்கிப் போனார்.

அவர் போனபிறகு நான் கேட்ட முதல் கேள்வி, உன் கை எப்படி இருக்கிறது என்பது. "கை ஏப்ரல்லயே சரியாயிடுச்சு" என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "எங்கிட்ட கேட்டீங்களா? டாக்டர்கிட்டதான போயிப் போயிக் கேட்டீங்க" என்றாள். இத்தனை வாரமாக நீ சங்கடப்படுகிறாய் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் முதலில் சிரித்தாள், உனக்குத்தான் தெரியுமே, வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள், அப்புறம் அந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்து, "குறுகலா இருக்கு, குறுகலா இருக்குன்னு நாலு தடவ சொன்னேனே, படிச்ச மனுஷன் ஒரு தடவையாச்சும் யாருக்குக் குறுகல்னு கேட்டீங்களா?" என்றாள். தண்ணீருக்காக இல்லையா என்றேன். "தண்ணிக்குத்தான் பீப்பா வாங்கிட்டீங்களே" என்றாள். அதன்பிறகு இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள், அதை உனக்கு எழுதுவது முறையில்லை. எழுதாவிட்டாலும் எனக்கு மறக்காது.

பூசியான் அரைமணி கழித்து இருமிக்கொண்டே வந்தார், ஒரு பெட்டி சாக்பீஸை உண்மையாகவே வாங்கி வந்திருந்தார். எல்லாக் கோட்டையும் ஈரத்துணியால் அழித்தோம், இந்த முறை அம்மாதான் நடுவில் நின்று சொன்னாள், நாங்கள் வரைந்தோம். புதிய திட்டத்தின் படம் இத்தோடு இருக்கிறது. தட்டும் கண்ணாடித் தடுப்பும் கிடையாது. தொட்டி இருந்த பக்கம் முழுவதும், சுவருக்குச் சுவர் நூற்றறுபது, நீளவாக்கில் நூற்றுப் பத்து, ஒரே திறந்த தரை, மூலை வடிகாலை நோக்கி மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு. பின்சுவரை ஒட்டிச் செங்கல்லில் ஒரு திண்டு, மேலே பச்சை டைல்ஸ், அது எனக்கு. அதற்கு முன்னால் அவளுடைய முக்காலி. திண்டின் உயரம் நாற்பத்தைந்து போதும் என்றேன், பூசியானும் சரி என்றார், அம்மா கேட்கவில்லை, இப்போது இருக்கிற விளிம்பு எவ்வளவோ அவ்வளவே வேண்டும் என்றாள். போய் அளந்தோம், ஐம்பத்திரண்டு. "ஐம்பத்திரண்டுதான் அவரு கைக்கு சரியா இருக்கு" என்று பூசியானிடமே சொல்லிவிட்டாள், எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவர் ரொம்ப கவனமாக அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். இந்த இடம் கிடைக்க வாஷிங் மெஷின் பால்கனிக்குப் போகிறது, நான்காவதில் அது தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று எழுதியதை இத்துடன் திருத்திக்கொள். கம்பிகள் மூன்றும் உண்டு, நான் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவள் தனியாகக் குளிக்க நினைத்தால் எழவும் உட்காரவும் பிடி வேண்டும் அல்லவா. கதவு வெளிப்பக்கம் திறக்கும், அதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமை தொட்டி போகிறது. அம்மா தானே அதன் அடைப்பைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

உன் முதல் விதியை நான் மீறிவிட்டேன் என்று நீ வருத்தப்படுவாயோ என்று இரண்டு முறை இந்தப் பக்கத்தை வாசித்துப் பார்த்தேன். நீ தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த விதி சரியாகவே இருக்கும், அதை எழுதியவர்கள் அனுபவப்பட்டவர்கள். இந்த வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை அளந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. தவறென்று பட்டால் எனக்கு எழுது, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுது.

கடைசியாக ஆறாவது. மடக்கு இருக்கை வேண்டாம், வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கம்பிகளும் அவற்றின் திருகாணிகளும் அங்கே கிடைப்பது தரம், அவற்றைக் கொண்டுவா, அளவு படத்தின் ஓரத்தில் இருக்கிறது. குழந்தைகளுக்கு வெயில் பழகியிருக்காது, தொப்பி எடுத்துவா. ஜனவரியில் அவள் விழுந்த இடம் உனக்குத் தெரியும் என்று அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, இந்தக் கடிதத்தில் இருக்கும் மற்ற எதையும்கூடத்தான். நீ வேலைக்குப் போகும் நாட்களில் மதியம் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், ஆம் என்று மட்டும் பதில் போடாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது, அப்போதுதான் நம்புவாள். இறைவன் உன் வீட்டை நிறைத்து வைக்கட்டும், உன் குழந்தைகளை உனக்கு நிழலாக்கட்டும், போகும் வழியெல்லாம் உன் காலை உறுதிப்படுத்தட்டும். இன்னும் எழுதலாம், ஆனால் அடுப்பில் தண்ணீர் சூடாகிவிட்டது, அம்மா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

நான் மையால் எழுதியதை அழிப்பதில்லை, அதனால் முதல் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன். மூன்றாவது எண்ணில் காரணம் என்று நான் எழுதியது தவறு.

இப்படிக்கு,
உன் தந்தை
மிலூத்